வானத்தில் ஒரு டென்மார்க் கிராமம்

(சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



வருடப்பிறப்பு எத்தனை மணி எத்தனை நிமிடத்திற்கு என்று எங்கட பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்லுது. சூரியன் மேடராசிக்குள் போகிற நேரத்தைக் கணித்துத்தான் சொல்லுகினம். அதே மாதிரிக் கணக்குப் பார்த்து, இந்த நாட்டுச் சின்னக் கிராமம் ஒன்றின் பெயரை வானத்தில் ஏற்றிய கதையை இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

ஷெலாண்ட் தீவில், ஹோல்பெக் நகரத்துக்குக் கிட்ட புரோர்பெல்ட என்று ஒரு இடம். கொப்பன்ஹேகன் வெளிச்சத்தில் வானத்தைச் சரியாகப் பார்க்க ஏலாதபடியால், பல்கலைக்கழகத்துக்காரர் 1953 இல் அங்கே ஒரு வானாய்வு நிலையத்தைத் திறந்தார்கள். 1982 ஜனவரி 28 ஆம் திகதி அங்கே ஒரு சிறுகோள் அகப்பட்டது.

சிறுகோள் என்றால் என்ன? செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் இலட்சக்கணக்கான பாறைகள் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவைதான். கண்டுபிடிக்கிறது எப்படி? வானத்தின் ஒரே பகுதியை, கொஞ்ச நேரம் விட்டு இரண்டு தரம் படம் எடுப்பார்கள். நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தால் அதுதான் ஆள்.

ஆனால் கண்டவுடன் பெயர் வைக்க விடமாட்டார்கள். முதலில் தற்காலிக அடையாளம். இதற்குக் கிடைத்தது '1982 பி எச்'. பி என்றால் ஜனவரியின் பிற்பாதி. எச் என்றால் அந்தப் பாதியில் பதிந்த எட்டாவது. பிறகு திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்துப் பாதையைக் கணிப்பார்கள். இன்ன நாளில் இன்ன இடத்தில் நிற்கும் என்று நம்பிச் சொல்ல முடிந்தால்தான் நிரந்தர இலக்கம். இதற்கு 3309. அதற்குப் பிறகுதான் பெயர்: புரோர்பெல்ட.

ஆள் சின்னவர், ஏறக்குறைய 5 கிலோமீற்றர்தான். பட்டையின் உள்விளிம்பில் நின்று, 2 வருடம் 5 மாதத்தில் சூரியனை ஒருமுறை சுற்றி வருகிறார். அவரையும் ஒரு குட்டிச் சந்திரன் சுற்றுவதை 2005 இல் கண்டுபிடித்தார்கள்.

எங்கட பக்கத்திலும் உண்டு. தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையம் இருக்கிறது. அங்கே 1988 பெப்ரவரி 17 இல் இராஜமோகன் என்பவர் கண்டுபிடித்த 4130 ஆவது சிறுகோளுக்குக் கணிதமேதை இராமானுஜனின் பெயர். 1861 இலேயே போக்சன் என்ற ஆங்கிலேயர் சென்னையில் இருந்து 67 ஆவது சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குப் பெயர் 'ஆசியா'.

இதில் நான் சொல்ல வந்த விசயம் ஒன்று இருக்கு. முதலில் இலக்கம், பிறகுதான் பெயர் என்கிறது எங்களுக்குப் புதிதில்லை. இங்கே வந்து இறங்கினபோது எங்களுக்கும் முதலில் ஒரு இலக்கம்தான். பிறகு சி.பி.ஆர். இலக்கம். ஆனால் சிறுகோளுக்குப் பெயர் கிடைத்தால் அதை ஒருவரும் வெட்டுவதில்லை. எந்த நாட்டு வானியலாளரும் இராமானுஜனை 'ராம்' ஆக்கவில்லை. நாங்களோ, டெனிஸ்காரரின் வாயில் நுழையாது என்று பிள்ளைகளின் பெயரை நாங்களே பாதியாக்கிறம்.

சர்வதேச வானியல் ஒன்றியத்தின் விதிப்படி, சிறுகோளின் பெயர் 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. பாலசுப்பிரமணியம் என்பதை ஆங்கில எழுத்தில் எண்ணிப் பாருங்கோ, 15 தான் வரும்! வானத்திலேயே இடமிருக்கிற பெயருக்கு வகுப்பறையில் இடமில்லையா? ஆசிரியர் இரண்டு மூன்று தரம் தடுமாறட்டும், பிழையில்லை. பிள்ளை பொறுமையாய்ச் சொல்லிக் கொடுக்கட்டும். பழகிவிடுவினம். நாங்கள் 'புரோர்பெல்ட' சொல்லப் பழகவில்லையா?

அந்த வானாய்வு நிலையத்தை இப்போது பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம். வருகிற விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.