இருப்பும் நாளும்

 

காலடிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயருக்குள் ஒரு வரலாறு அடங்கியுள்ளது. 1717 முதல் 1720 வரை சென்னைப் பட்டணத்தின் ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலட். அவர் காலத்தில் திருவொற்றியூருக்கு அருகே நெசவாளர்களைக் குடியமர்த்தி உருவாக்கப்பட்ட சிற்றூர், அவர் பெயரால் 'காலட் பேட்டை' எனப்பட்டது. மக்கள் நாவில் அது காலடிப்பேட்டை ஆயிற்று. அந்நாளில் சோழமண்டலக் கரையின் துணி வணிகம் முன்பணத்தைக் கொண்டே நடந்தது. கும்பினி வணிகர்க்கு முன்பணம் தரும். வணிகர் நெசவாளர்க்குத் தருவர். நூல் வாங்குவதற்கும் அடுப்பு எரிவதற்கும் அப்பணமே உதவும். துணி முடிந்தபின் கணக்கு நேராகும். நூல்விலை ஏறினாலோ மழையால் தறி நின்றாலோ குறித்த நாளில் துணி வராது. வாங்கிய பணம் பாக்கியாக நிற்கும். உழைப்பில் குறைவில்லை; நாள் பொருந்தாமையே கடனாக மாறியது.

இன்று அவ்வூரைச் சூழ்ந்திருப்பவை துறைமுகமும் தொழிற்சாலைகளும் சரக்குப் பெட்டக லாரிகளுமே. 2021 பிப்ரவரி 14 முதல் மெட்ரோ இரயிலும் அங்கே நின்று செல்கிறது. வணிகரின் பேரேடு இருந்த இடத்தில் வங்கிக் கணக்கு வந்துவிட்டது. முன்பணம் இருந்த இடத்தில் மாதத் தவணை வந்துவிட்டது. ஆயினும் நாள் பொருந்தாமையால் நேரும் இழப்பு மட்டும் மாறவில்லை. அவ்விழப்பு எவ்வழிகளில் வருகிறது, அதனை எவ்வாறு தடுக்கலாம் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதற்கண் ஓர் ஐயத்தைத் தெளிவித்தல் வேண்டும். அமெரிக்காவில் ஒருவர் கணக்கில் 10 டாலர் மட்டும் இருக்கையில், 15 டாலர் விலையுள்ள பொருளுக்கு டெபிட் கார்டைக் கொடுக்கிறார் எனக் கொள்வோம். குறைகின்ற 5 டாலரை வங்கியே கொடுத்துவிட்டு, அவ்வுதவிக்காக 35 டாலர் வரையிலும் கட்டணம் விதிக்கும் வழக்கம் அங்கு உண்டு. அதற்கு ஓவர்டிராஃப்ட் கட்டணம், அதாவது மிகைப்பற்றுக் கட்டணம் என்று பெயர். இந்தியாவில் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அவ்வாறு நிகழ்வதில்லை. பணம் போதாவிடில் அட்டை ஏற்கப்படாது, அவ்வளவே. ஆதலால் அத்தகைய இழப்பே இங்கு இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. அதே இழப்பு இங்கே வேறு பெயர்களைத் தாங்கி வருகிறது.

அவற்றுள் முதலாவது, தவணை திரும்புதல். இருசக்கர வண்டிக்கோ வீட்டுப் பொருளுக்கோ கடன் பெறுகையில், மாதந்தோறும் குறித்த நாளில் தவணையைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கையொப்பம் இடப்படுகிறது. வங்கிப் புத்தகத்தில் இது 'இ.சி.எஸ்.' என்றோ 'நாச்' என்றோ பதிவாகும். முன்பு வங்கி விடுமுறை நாள்களில் இவ்வாறு பணம் எடுக்கப்படுவதில்லை. 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறும் பண்டிகை நாளும் உட்பட எல்லா நாள்களிலும் எடுக்கப்படுகிறது. 'இன்று ஞாயிறு, நாளை காலை பணம் கட்டிவிடலாம்' என்று இருந்த காலம் போயிற்று.

சம்பளம் வரும் நாளோ வேறு. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், ஆயிரவர்க்குக் குறைந்த தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கு அடுத்த மாதம் 7-ஆம் நாளையும், பிறவற்றுக்கு 10-ஆம் நாளையும் எல்லையாக வகுத்தது. தவணை நாள் 5 என்றும் சம்பள நாள் 7 என்றும் அமைந்த ஓர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். தவணை 3,500 ரூபாய். கணக்கில் இருப்பது 3,480 ரூபாய். குறைவது 20 ரூபாயே. எனினும் தவணையில் ஒரு பகுதி மட்டும் எடுக்கப்படுவதில்லை. முழுத் தொகையும் திரும்பிவிடும். திரும்பியமைக்காக வங்கி 250 ரூபாயும் அதன்மேல் 18 விழுக்காடு வரியாக 45 ரூபாயும் எடுக்கிறது என்றும், கடன் தந்த நிறுவனம் தன் பங்குக்கு 400 ரூபாய் விதிக்கிறது என்றும் கொண்டால், மொத்த இழப்பு 695 ரூபாய். இருபது ரூபாய் இல்லாமைக்கு அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய்! இரண்டு நாள் கழித்து முழுச் சம்பளமும் வந்து சேர்கிறது. அவ்வில்லத்தில் பணம் இல்லாமல் இல்லை. அந்த நாளில் இல்லை.

இழப்பு கட்டணத்தோடு நின்றுவிடுவதுமில்லை. தவணை தவறியது கடன் மதிப்பெண்ணைக் குறைக்கும். மேலும், 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, போதிய இருப்பின்மையால் மின்னணுப் பணமாற்றம் திரும்புவதைக் காசோலை திரும்புவதற்கு நிகரான குற்றமாகவே கருதுகிறது. ஆகவே இதனைச் சிறு செய்தி என்று தள்ளிவிடல் ஆகாது.

இதற்குரிய மருந்து எளியது. தவணை நாளைச் சம்பள நாளுக்குப் பின் மூன்று நாள் தள்ளி அமைத்துக்கொள்ளல் வேண்டும். கடன் பெறும்போதே இதனைக் கேட்டுப் பெறுதல் நன்று. பின்னர் மாற்ற விரும்புவோரும் எழுத்து வடிவில் விண்ணப்பிக்கலாம். பல நிறுவனங்கள் இசைகின்றன.

இரண்டாவது, குறைந்தபட்ச இருப்புக்கான தண்டக் கட்டணம். இதன் கொடுமையைத் தமிழகம் கண்கூடாகக் கண்டது 2023-ஆம் ஆண்டில். அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டு, ஒரு கோடிக்கு மேற்பட்ட மகளிர்க்கு மாதம் 1,000 ரூபாய் அவரவர் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. பலருடைய கணக்குகள் நெடுநாள் பயன்படாமல், இருப்புக் குறைந்து கிடந்தவை. வந்த ஆயிரத்தைச் சில வங்கிகள் பழைய கட்டண பாக்கிக்கு ஈடாகக் கழித்துக்கொண்டன. உரிமைத்தொகை வந்ததென்ற குறுஞ்செய்தியை நம்பி வங்கிக்குச் சென்ற தாய்மார்கள் வெறுங்கையோடு திரும்பினர். அத்தொகையை எந்தக் கட்டணத்துக்கும் ஈடாகக் கழித்தல் கூடாது என்றும், அவ்வாறு கழிக்கப்பட்டால் 1100 என்னும் முதல்வரின் உதவி மைய எண்ணில் முறையிடலாம் என்றும் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அப்போது அறிவித்தார்.

இங்கே அனைவரும் அறிய வேண்டிய விதிகள் சில உள. இந்திய ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று வெளியிட்டு, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கை மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்கிறது. இருப்புக் குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளர்க்கு அறிவித்து, அதனை நிறைவு செய்ய ஒரு மாதமேனும் காலம் தருதல் வேண்டும். கட்டணம், குறைந்த தொகையின் அளவுக்கேற்ப அமைதல் வேண்டும். இக்கட்டணத்தினால் மட்டும் கணக்கின் இருப்பு பூச்சியத்துக்குக் கீழே செல்லுதல் கூடாது. ஈராண்டுகள் வாடிக்கையாளரின் வரவு செலவு இன்றிச் செயலற்றதாக வகைப்படுத்தப்பட்ட கணக்குக்கு இத்தண்டமே விதித்தல் ஆகாது. இவ்விதிகளை அறிந்தவர், பழைய கணக்கை மூடச் செல்லும்போது 'இத்தனை ரூபாய் பாக்கி' என்று கேட்கப்பட்டால், அது எந்தக் கட்டணம், எவ்விதியின்படி என்று பணிவோடு வினவலாம்.

'மாதச் சராசரி இருப்பு' என்னும் சொல்லையும் விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஒவ்வொரு நாளும் இறுதியில் உள்ள இருப்பைக் கூட்டி, நாள்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. சராசரி 5,000 ரூபாய் வேண்டும் எனில், 30 நாளும் 5,000 இருந்தாலும் சரி, 10 நாள் 15,000 இருந்தாலும் சரி. மாத நடுவில் இருப்புக் குறைந்துவிட்டதை அறிந்தவர், எஞ்சிய நாள்களில் சற்று மிகுதியாக வைத்து அதனை ஈடு செய்துகொள்ளலாம். இங்கும் நாளே கணக்கை முடிவு செய்கிறது.

இவ்வளவு கணக்குப் பார்க்க இயலாதோர்க்கு நேர்வழி ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கியின் 2012-ஆம் ஆண்டு விதிப்படி 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' எல்லா வங்கிகளிலும் உண்டு. அதற்குக் குறைந்தபட்ச இருப்பு வேண்டியதில்லை, ஏ.டி.எம். அட்டையும், மாதம் 4 முறை பணம் எடுத்தலும் கட்டணமின்றிக் கிடைக்கும். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருத்தல் மட்டும் கூடாது. இதுவன்றி, பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலும், கனரா வங்கி 2025 ஜூன் 1 முதலும், இந்தியன் வங்கி 2025 ஜூலை 7 முதலும் சேமிப்புக் கணக்குகளுக்கு இத்தண்டத்தை நீக்கியுள்ளன. தனியார் வங்கிகள் பலவற்றில் அது தொடர்கிறது.

தொழிற்சாலைப் பணியில் இருப்போர் ஒன்றைக் குறித்துக்கொள்ளல் நலம். சம்பளக் கணக்குக்கு இருப்பு வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் வேலை மாறி, சில மாதம் சம்பளம் வராது நின்றால், வங்கி அதனைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிடும். இருப்பு விதியும் உடன் வந்துசேரும். ஒப்பந்தப் பணியாளர் நிறுவனம் மாறுந்தோறும் ஒரு புதிய கணக்குத் தொடங்கி, பழையதை மறந்துவிடுகின்றனர். தேவையற்ற கணக்கை முறைப்படி எழுதிக் கொடுத்து மூடுவதே முறை.

மூன்றாவது, சிறு சிறு கசிவுகள். ஏ.டி.எம்.மில் இருப்பை அறியாமல் பெருந்தொகை கேட்டு, அது மறுக்கப்பட்டால், அதற்கே 20 ரூபாய் அளவிலும் வரியும் எடுக்கும் வங்கிகள் உள்ளன. சென்னை போன்ற பெருநகரத்தில் பிற வங்கி இயந்திரத்தில் மாதம் 3 முறையே இலவசம். அதற்குமேல் 2025 மே 1 முதல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை கட்டணமும் வரியும் உண்டு. அட்டையின் ஆண்டுக் கட்டணம், குறுஞ்செய்திக் கட்டணம் ஆகியவை முன்னறிவிப்பின்றி இருப்பைக் குறைப்பன. மே மாத இறுதியில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாயும், ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாயும் எடுக்கப்படுகின்றன. அவை பயனுள்ளவையே. ஆனால் அவற்றை நினைவில் கொள்ளாதவர்க்கு, ஜூன் 5-ஆம் நாள் தவணைக்கு அத்தொகை குறைந்து நிற்கும்.

அட்டையின்வழித் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் சந்தாக்களும் இவ்வகையின. 2021 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள விதியின்படி, அத்தகைய தொகையை எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னரே செய்தி அனுப்பப்பட வேண்டும். வேண்டாவெனில் விலகிக்கொள்ளவும் வழி இருத்தல் வேண்டும். வங்கிச் செய்திகளை விளம்பரமென்று எண்ணி அழித்துவிடுவோர் இப்பாதுகாப்பை இழக்கின்றனர்.

உண்மையான மிகைப்பற்று வசதி இங்கே அறவே இல்லை என்பதும் இல்லை. ஜன் தன் கணக்கில், தகுதியுடையோர்க்கு 10,000 ரூபாய் வரை அது உண்டு. வைப்புநிதியின் பேரில் மிகைப்பற்றுப் பெறுவோர், எடுத்த தொகைக்கு எடுத்த நாள்களுக்கு மட்டும் வட்டி கட்டுவர்; தவணை திரும்பித் தண்டம் கட்டுவதைவிட அது மலிவு. ஆனால் அது கடனே. வருமானம் என்று மயங்குதல் கூடாது.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்கு இல்லத்தார் சொல்ல வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2010 முதல், வாடிக்கையாளர் தாமாக இசைவு தந்தாலன்றி, ஏ.டி.எம். எடுப்புக்கும் கடையில் ஒருமுறை செலுத்தும் டெபிட் கார்டுத் தொகைக்கும் மிகைப்பற்றுக் கட்டணம் விதித்தல் கூடாது. கணக்குத் தொடங்கும்போது நீட்டப்படும் படிவங்களுள் அவ்விசைவுப் படிவமும் இருக்கலாம். படித்துப் பார்த்து மறுத்துவிடலாம். காசோலைக்கும் மாதந்தோறும் தாமே செல்லும் தொகைக்கும் அப்பாதுகாப்பு இல்லை என்பதை மறத்தல் ஆகாது. பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல் நாள்கட்டணமும் மாதக்கட்டணமும் நீக்கப்பட்டு, வட்டி மட்டுமே விதிக்கப்படுகிறது.

இவையனைத்தும் கேட்டபின் செய்ய வேண்டியவை யாவை? ஒரு தாளில் இரண்டு பத்திகள் வரைக. ஒன்றில் பணம் வரும் நாள்கள். மற்றதில் பணம் போகும் நாள்கள். வரும் நாளுக்கு முன் போகும் நாள் எதுவோ அதுவே இடர். அதனை மாற்ற விண்ணப்பிக்க. தவணைகள் யாவும் ஒரே கணக்கில் செல்லட்டும். கடைக்குக் கொடுக்கும் அட்டை வேறொரு சிறு கணக்கைச் சார்ந்ததாக இருக்கட்டும். அப்போது மளிகைச் செலவு தவணையை உண்ணாது. தவணைக் கணக்கில் ஒரு தவணையளவு தொகையை எப்போதும் தொடாமல் வைத்தல் சிறந்த காவல். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். அளக்காமல் போட்டது ஆற்றுக்கும் தெரியாது, போட்டவர்க்கும் தெரியாது.

தவறான கட்டணம் எடுக்கப்பட்டதெனில் வங்கியில் எழுத்து வடிவில் முறையிட்டு, ஒப்புகை பெறுதல் வேண்டும். 30 நாள்களுக்குள் விடை வராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 14448 என்னும் எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும்.

இறுதியாக இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வீட்டிலும் பாட்டியின் பெயரிலோ தாயின் பெயரிலோ ஒரு வங்கிப் புத்தகம் இருக்கும். அதில் அச்சிட்ட ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் அவர்களுக்கு விளங்குவதில்லை. வெட்கத்தால் கேட்பதுமில்லை. வரும் ஞாயிறு அரைமணி நேரம் அவர்கள் அருகே அமர்ந்து, ஒவ்வொரு வரியையும் படித்து, இது இன்னது, இது ஏன் கழிந்தது என்று தமிழில் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் கழிந்த வரி ஏதேனும் இருப்பின், மறுநாளே அவர்களை அழைத்துக்கொண்டு வங்கிக்குச் செல்லுங்கள்.