கருவியின் அகவை



கொடைக்கானலைத் தன் முடியில் தாங்கி நிற்கும் பழனிமலைத் தொடர், சங்கப் பாடல்களில் ஆவியர் குடியின் நாடு. பொதினி என்னும் பழம்பெயரே பழனி ஆயிற்று என்பர். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தபோது அவனிடம் அவளுக்காகப் பரிந்து பேசிய புலவர்களுள் பரணரும் ஒருவர். சீறியாழில் செவ்வழிப்பண் இசைக்கக் கேட்டு அவள் கண்ணீர் விட்ட காட்சியைப் புறநானூற்றின் 144ஆம் பாடல் காட்டுகிறது. பாடல் நம் கையில் இருக்கிறது. அந்தச் சீறியாழ் இல்லை. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த தம் யாழ்நூலில், நூற்சான்றையும் சுருதிக் கணக்கையும் துணைக்கொண்டே யாழின் வடிவங்களை மீட்டெடுக்க வேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறான நிலையும் அதே மலையில் நேரக்கூடும். 1845 முதல் அமெரிக்க மறைப்பணியாளர் குடும்பங்கள் கொடைக்கானலில் வீடு கட்டி வாழ்ந்தன. 1901இல் அவர்தம் பிள்ளைகளுக்கெனப் பள்ளி ஒன்றும் எழுந்தது. அத்தகைய பழைய வீடொன்றின் பரணிலிருந்து, மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் தந்தியை நீவி வாசிக்கும் ஸ்டீல் கிதார் ஒன்று கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். வாசித்தவர் இல்லை, வாசித்த பாட்டும் இல்லை. 'நூறாண்டுப் பழமை' என்ற வாய்மொழி மட்டும் உடன் வரும். அதன் உண்மையான வயதை எவ்வாறு அறிவது?

முதலில் அது ஸ்டீல் கிதார்தானா என்று பார்க்க வேண்டும். சாதாரணக் கிதாரின் மேருவை உயர்த்தி, தந்திகள் மெட்டுகளில் படாதவாறு செய்துகொண்டு வாசித்தவர் பலர். அதற்கெனவே பிறந்த கருவியில் கழுத்து பெரும்பாலும் சதுரமாக இருக்கும். விரலால் அழுத்தும் தேவை இல்லாததால் மெட்டுகள் வெறும் கோடுகளாகவே நின்றுவிடும். உடல் முழுதும் உலோகமாகி, உள்ளே மூன்று அலுமினியக் கூம்புகள் இருந்தால், அது ஜான் டோப்பியெரா வடிவமைத்து 1927இல் நேஷனல் நிறுவனம் வெளியிட்ட வகையைச் சார்ந்தது. மர உடலும், கிண்ணம்போல் உட்குழிந்த ஒற்றைக் கூம்பும் இருந்தால், டோப்பியெரா உடன்பிறந்தார் அடுத்துத் தொடங்கிய 'டோப்ரோ' வகை. வார்ப்பு அலுமினியத்தால் ஆகி, வாணலிபோல் வட்ட உடலும் நீண்ட கழுத்தும் கொண்டிருந்தால், அது 1932இல் விற்பனைக்கு வந்த மின்கிதார். அதற்கான காப்புரிமை 1937இல்தான் வழங்கப்பட்டது. ஆகவே 'காப்புரிமை கோரப்பட்டுள்ளது' என்ற பொறிப்பு, அதற்கு முந்திய ஆண்டுகளை நோக்கி விரல் நீட்டும்.

இலக்கிய வரலாற்றில் நாம் வழங்கும் மேலெல்லை, கீழெல்லை என்னும் அளவைகள் இங்கும் அப்படியே பொருந்துகின்றன. கடைவீதியில் 'ஸ்டார் ஸ்க்ரூ' எனப்படும் சிலுவைப் பள்ளத் திருகாணி 1930களின் நடுவில்தான் புழக்கத்திற்கு வந்தது. அது உடலில் இருந்தால், கருவி அதற்குப் பிற்பட்டது. அல்லது பிற்காலத்தில் பழுது பார்க்கப்பட்டது. இரண்டில் எது என்பதை ஆணித்துளையின் பழந்தேய்வு சொல்லும். மின்கிதாராயின், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கலாம். 1376412 என்றால் 137 செய்த நிறுவனம், 64 ஆண்டு, 12 வாரம். அதுவும் குமிழ் பிறந்த வாரமே தவிரக் கிதார் பிறந்த வாரமன்று. இன்னும் பழைய குமிழ்களில் ஆண்டுக்கு ஓர் இலக்கமே உண்டு. 5 என்பது 1945ஆ, 1955ஆ என்ற ஐயம் எழும். பிரபவ முதலான அறுபதாண்டு வட்டத்தில் பெயர் மட்டும் எழுதி வைக்கப்பட்ட ஏடுகளோடு மல்லாடியவர்க்கு இந்தத் துன்பம் புதிதன்று. நம் ஐயம் அறுபதாண்டு; அவர்கள் ஐயம் பத்தாண்டுதானே என்று ஆறுதல் கொள்ளலாம்!

ஒரு கருவிக்கு ஒரே வயதுதான் உண்டென்று கொள்வது பிழை. இதற்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் கதிரவன் ஆய்வகத்தில் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று உண்டு. பாரிஸ் நகரின் லெரபூர்–செக்ரத்தான் கைவண்ணத்தில் உருவாகி, 1850ஐ ஒட்டிச் சென்னை வானாய்வகத்திற்கென வாங்கப்பெற்றது; 1898இல் கிரப் நிறுவனத்தாரால் கதிரவனைப் படம்பிடிக்கும் கருவியாகத் திருத்தி அமைக்கப்பட்டது; பின்னர் மலையேறியது. அதன் வயது எது? கண்ணாடிக்கு ஒரு விடை. திருத்திய அமைப்புக்கு வேறொரு விடை. ஆவணம் இருப்பதால் அங்கே குழப்பமில்லை. பரணில் கிடக்கும் கிதாருக்கு ஆவணம் அதன் உடல் ஒன்றே. அதைப் பெற்றவர் முதல் வேலையாக மெருகு தீட்டி, தந்தி மாற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் கறைபடிந்த தாளைச் சுரண்டி எறிந்துவிடுகிறார். ஏட்டின் முதலும் கடையும் செல்லரிக்க விட்ட குற்றத்திற்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

இனி, நம்மவர் ஆர்வத்தோடு எழுப்பும் கேள்விக்கு வருவோம். ஸ்டீல் கிதார் நம் கோட்டுவாத்தியத்தின் பிள்ளையா? ஹவாய்த் தீவில் 1889ஐ ஒட்டி ஜோசப் கெகுகு இம்முறையைக் கண்டறிந்தார் என்பது பெருவழக்கு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இந்தியாவில் பிறந்த கேபிரியல் டேவியன் என்பவர் ஹொனலூலுவில் தந்தியை நீவி வாசித்ததாக ஒரு செய்தியும் உண்டு. இச்செய்தி ஒன்றை வைத்தே வழக்கை முடித்துவிடத் துடிப்போர் பலர். பிறந்த நாடு தெரிகிறது. அவர் எந்தக் கருவியைக் கேட்டு வளர்ந்தார் என்பதற்கு அதில் சான்றில்லை. சிலப்பதிகாரக் கானல்வரியில் யாழின் தண்டுக்குக் கோடு என்று பெயர். அதனால் கோட்டுவாத்தியம் யாழின் வாரிசு என்பதும் இத்தகைய பாய்ச்சலே. சொல்லின் வயது வேறு. மரத்தின் வயது வேறு.

கோட்டுவாத்தியமும் இதே தேர்வுக்கு உட்பட வேண்டியதே. தஞ்சை வீணையின் உருவத்தை உடையது, மெட்டு இல்லாதது, கருங்காலி போன்ற வன்மரத் துண்டால் நீவப்படுவது. திருவிடைமருதூர் சகாராம ராவ் காலத்தில் பெருமதிப்புப் பெற்றது. கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்கார் (1903–1959) இதற்குப் பக்க அதிர்வுத் தந்திகளைச் சேர்த்தார். ஆகவே, அத்தந்திகளுக்கான துளைகளைக் கண்ட அளவில் உடலும் அக்காலத்ததே என்று முடிவு கட்டலாகாது. முந்திய உடலில் பிற்காலத் துளையும் இடப்பட்டிருக்கலாம். தண்டியின் மீது பழைய மெழுகுத் தடம் தென்பட்டால், அது ஒருகாலத்தில் மெட்டு வைத்த வீணையாக இருந்ததோ என்று வினவ வேண்டும். விசுவமோகன் பட் கிதாரில் இத்தகைய தந்திகளைச் சேர்த்து மோகன வீணை என்று பெயரிட்டார்; அதில் வாசித்த இசைத்தொகுப்பு 1994இல் கிராமி விருது பெற்றது. இன்னும் நூறாண்டு கழித்து அதைப் பரணிலிருந்து எடுப்பவர், மேலைநாட்டுக் கிதாரில் இந்தியர் துளையிட்டனரா, இந்திய வீணைக்குக் கிதார் உடல் வந்ததா என்று திகைக்கக்கூடும்.

கொடைக்கானலின் மூடுபனியும் ஒரு சாட்சி. ஏழாயிரம் அடி உயரத்து ஈரத்தில் மரம் உப்பும், வச்சிரப்பசை நெகிழும், எஃகுத் தந்தி துருவேறும், நிக்கல் பூசிய பித்தளை உடல் பூச்சு மங்கிப் பச்சை பூக்கும். துரு எல்லாத் தந்திகளிலும் ஒரே அளவில் படிந்திருந்தால், அவை ஒருசேரப் பூட்டப்பட்டு ஒருசேரக் கைவிடப்பட்டவை எனலாம். ஒரு தந்தி மட்டும் பளபளத்தால், இடையில் யாரோ அதை வாசிக்க முயன்றிருக்கிறார்.