ஒரு முக்கோணமும் எல்லா முக்கோணங்களும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகக் கவிதை பேசிவரும் அவையில் கணக்காசிரியன் ஒருவனுக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணினேன். அழைக்க வந்த நண்பரோ, "வட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டோம், கவராயம் பிடித்த ஒருவரேனும் ஒருமுறை பேச வேண்டாமா?" என்றார். மறுக்க இயலவில்லை. ஆயினும் இன்று நான் பேச வந்தது வட்டத்தைப் பற்றி அன்று, முக்கோணத்தைப் பற்றி. பல்லாண்டுகள் வடிவியல் கற்பித்த பின்னர், படம் என்பது என்ன என்பதை நான் ஒரு மாணவியிடம் கற்றுக்கொண்டதைப் பற்றி.

ஓர் அரையாண்டுத் தேர்வு. 'ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என நிறுவுக' என்பது வினா, மதிப்பெண் ஐந்து. இத்தேற்றத்தின் நிறுவல் மிக எளியது. முக்கோணத்தின் உச்சியின் வழியே, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரையவேண்டும். அடியில் உள்ள இரு கோணங்களும், ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்னும் விதிப்படி, அந்தக் கோட்டின் கீழ் உச்சிக்கோணத்தின் இருபுறமும் வந்து அமரும். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோணம். அவ்வளவே.

ஒரு மாணவன் புத்தகத்தில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தான். 'டி ஈ என்னும் கோட்டை இணையாக வரைக' என்று தொடங்கிக் கடைசி வரி வரை குறையேதும் இல்லை. ஐந்துக்கு ஐந்து கொடுத்தேன். ஒரு மாணவி முக்கோணம் வரைந்து, உச்சியில் இணைகோடு வரைந்து, சமமான கோணங்களுக்கு ஒரே அடையாளம் இட்டிருந்தாள். கீழே, 'இந்தக் கோட்டைப் போட்டதும் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன' என்று ஒரே ஒரு வரி. படத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தேன்.

தாள்களைத் திருப்பித் தந்த அன்று அவள் மேசையருகே வந்து நின்றாள். "படம் நிரூபணம் ஆகாது அம்மா" என்றேன். அவள் அந்த மாணவனின் தாளையும் கையில் வைத்திருந்தாள். "சார், அவன் எழுதின கோடு அவன் படத்துல இல்லையே" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். எழுத்தில் டி ஈ இருந்தது; படத்தில் வெறும் முக்கோணம் மட்டுமே இருந்தது. அவன் இல்லாத ஒரு கோட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான். நான் முழு மதிப்பெண் இட்டிருந்தேன். அவள் இருக்கும் கோட்டைக் கண்டு ஒரு வரி எழுதியிருந்தாள். அன்று அவளுக்கு என்ன விடை சொன்னேன் என்பதைச் சொல்ல நாணுகிறேன். "போய் உட்கார்" என்றேன். அந்த ஆண்டு முழுவதும் அவள் என்னிடம் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்த மௌனந்தான் என்னை மாற்றியது. காண்பதையும் சொல்வதையும் நாம் பிரித்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் காணாமல் சொன்னான்; அவள் கண்டும் சொல்லத் தெரியாமல் நின்றாள். இருவரிடமும் பாதிப் பாதி இருந்தது. நானோ ஒரு பாதிக்கு மட்டுமே விலை வைத்திருந்தேன்.

அடுத்த ஆண்டு முறையை மாற்றினேன். ஆளுக்கொரு தாளில் அவரவர் விரும்பிய முக்கோணத்தை வரையச் சொன்னேன். பாகைமானியால் அளந்தபோது ஒருவருக்கு 179 வந்தது. ஒருவருக்கு 182 வந்தது. பிறகு மூன்று முனைகளையும் கிழித்து ஒட்டவைத்தார்கள். நேர்கோடு போலத் தோன்றியது. "தோன்றுகிறது, சரி. ஏன் அப்படி?" என்று கேட்டேன். வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குப் பிறகு இணைகோட்டை வரைந்தபோது, அது புத்தகத்தில் இருந்து வந்த கோடாக இல்லை. அவர்களுடைய கேள்விக்கு வந்த விடையாக இருந்தது. கண்டதை வாயால் சொல்லச் செய்தேன். சொன்னதைக் கடைசியில்தான் எழுதச் செய்தேன்.

நெதர்லாந்தில் டினா வான் ஹீலே, பியர் வான் ஹீலே என்னும் ஆசிரியத் தம்பதியர் 1957இல் தம் ஆய்வேடுகளில் இதையே வகுத்துச் சொன்னார்கள் என்பதைப் பின்னரே படித்தேன். குழந்தை முதலில் வடிவத்தை முழுமையாகக் காண்கிறது; பிறகு அதன் பண்புகளைப் பிரித்தறிகிறது; பிறகு ஒரு பண்பு இன்னொன்றைப் பின்தொடர்வதை உணர்கிறது; அதன் பின்னரே நிறுவலுக்கு வருகிறது. முதற்படியில் நிற்கும் குழந்தையிடம் நான்காம் படியின் மொழியில் பேசினால், அது மனப்பாடம் செய்வதைத் தவிர வேறென்ன செய்யும்?

இனி, கவிஞர்களாகிய உங்களிடம் கேட்க வேண்டிய ஒன்றுக்கு வருகிறேன். கரும்பலகையில் நான் வரைவது ஒரு முக்கோணம். ஆனால் நிறுவுவது எல்லா முக்கோணங்களுக்கும். ஒன்றைக் காட்டி எல்லாவற்றையும் பேசுவது எங்ஙனம் முறையாகும்? இந்த ஐயத்துக்கு விடையை நான் கணித நூல்களில் தேடினேன். தெளிவாகக் கிடைத்த இடம் தொல்காப்பியம்.

அகத்திணையில் யாருடைய பெயரும் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. தலைவி உண்டு, தோழி உண்டு, பிரிவு உண்டு, பெயர் இல்லை. பெயரில்லாமையால்தான் அவளுடைய துயர் எல்லாருடைய துயருமாகிறது. நெடுநல்வாடையில் ஒருவர் பெயரும் சொல்லப்படவில்லை. ஆயினும் பாண்டியருக்குரிய வேம்பு அதில் வந்துவிட்டமையால், அதைப் புறம் என்று கொண்டார் நச்சினார்க்கினியர். ஓர் அடையாளம் போதும், எல்லாருடையதும் ஒருவனுடையதாகிவிடும்.

வடிவியலின் முக்கோணமும் அகப்பாட்டின் தலைவியைப் போன்றதே. அது பலகையில் ஓர் உருவத்தோடு நிற்கிறது. ஆனால் அவ்வுருவத்தின் தனி அடையாளம் எதையும் நாம் பயன்படுத்தலாகாது. குழந்தைகளை முக்கோணம் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலோர் அடிப்பக்கம் கிடையாகவும் இருபுறமும் சமமாகவும் வரைவார்கள், கோயில் கோபுரம்போல. பிறகு அறியாமலே, 'இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம்' என்று எழுதிவிடுவார்கள். அதுதான் அவர்களுடைய வேம்பு. படத்தில் காண்பனவற்றுள் எது எல்லா முக்கோணங்களுக்கும் உரியது, எது இந்த ஒன்றுக்கு மட்டும் உரியது என்று பிரித்தறியக் கற்பதே நிறுவல் கற்பது என்று இன்று நான் நம்புகிறேன்.

ஒரு நாள் வகுப்பில் கோலத்தை எடுத்துக்கொண்டேன். ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, ஒன்றில் முடிவது. வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் 25 புள்ளிகள். தலையைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள் என்றேன். சாய்வாகப் பார்த்தால் நந்நான்காக நான்கு வரிசைகளும், அவற்றின் இடையிடையே மும்மூன்றாக மூன்று வரிசைகளும் தெரியும். பதினாறும் ஒன்பதும் இருபத்தைந்து. பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், பிதாகரஸ்!" என்று கூவினான். மூன்று, நான்கு, ஐந்து அல்லவா? வகுப்பே ஆரவாரித்தது.

பழைய ஆசிரியனாக இருந்திருந்தால் "தவறு, உட்கார்" என்றிருப்பேன். அன்று, "ஒன்பது புள்ளிக் கோலம் வைத்துப் பார்" என்றேன். வைத்தான். இருபத்தைந்தும் பதினாறும் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று எந்த எண்ணின் வர்க்கமும் அன்று. அவன் முகம் வாடியது. "எது போயிற்று, எது நின்றது?" என்று கேட்டேன். சிறிது நேரங் கழித்து அவனே சொன்னான்: "அடுத்தடுத்த இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வருகிறது, அது மட்டும் எப்போதும் நிற்கிறது." ஏழு புள்ளிக் கோலத்தின் இருபத்தைந்து, ஐந்தின் வர்க்கமாக அமைந்தது அந்தக் கோலத்தின் வேம்பு. சாய்ந்த வரிசைகளின் அமைப்போ எல்லாக் கோலங்களுக்கும் பொது.

படத்தை நம்பி வழுவியவர்கள் குழந்தைகள் மட்டுமல்லர். ஏறத்தாழ கி.மு. 300இல் யூக்ளிட் தொகுத்த 'எலிமென்ட்ஸ்' என்னும் நூலின் முதல் தேற்றம், ஒரு கோட்டின்மீது சமபக்க முக்கோணம் அமைப்பது. கோட்டின் இரு முனைகளையும் மையமாகக் கொண்டு இரு வட்டங்கள் வரைந்து, அவை வெட்டும் புள்ளியை எடுத்துக்கொள்கிறார். அவை வெட்டும் என்று அவர் வகுத்த அடிப்படை விதிகளில் எதுவும் சொல்லவில்லை. படத்தில் வெட்டுகின்றன, ஆகவே வெட்டின. இத்தகைய இடைவெளிகளை அடைத்து, படத்தின் துணையின்றியே நிற்கக்கூடிய விதிகளை டேவிட் ஹில்பர்ட் வகுத்து வெளியிட்டது 1899இல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் உலகம் போற்றிப் பயின்ற நூலுக்கே இது நேர்ந்ததென்றால், பதினான்கு வயதுக் குழந்தையின் படத்தைப் பார்த்து நகைக்க நமக்கு என்ன உரிமை?

இன்று கணிப்பொறி இதற்குப் பெருந்துணையாகிவிட்டது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும் மென்பொருளில் முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்தால், நொடிக்கொரு முக்கோணம் பிறக்கிறது. கோணங்கள் மாறுகின்றன, கூடுதல் மாறுவதில்லை. கோபுர முக்கோணத்தின் பிடியிலிருந்து குழந்தையை விடுவிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் ஆயிரம் முக்கோணங்களைக் கண்டவனும் எல்லா முக்கோணங்களையும் கண்டவனல்லன். கருவி 'ஆம்' என்று காட்டும். 'ஏன்' என்பதற்கு அந்த மாணவி வரைந்த ஒற்றைக் கோடுதான் வேண்டும்.

கவிதையில் ஒரு படிமம் விளக்கமின்றியே நிற்கலாம். விளக்கினால் கெடவும் கூடும். வடிவியலில் படம் அவ்வாறு நிற்கலாகாது. அதற்குச் சொல் துணை வேண்டும். ஆனால் படத்தில் வேர் இல்லாத சொல், இல்லாத கோட்டைப் பற்றி எழுதிய அந்த மாணவனின் ஒரு பக்கமாகிவிடும். உங்கள் வீட்டுக் குழந்தை வடிவியல் பாடத்தை உரக்க மனப்பாடம் செய்யக் கேட்டால், புத்தகத்தை மெல்ல மூடிவிட்டு, "எங்கே, வரைந்து காட்டு" என்று சொல்லுங்கள். வரைந்ததும், "இதில் எது எப்போதும் உண்மை?" என்று கேளுங்கள். கணிதம் அறியாதவரும் கேட்கக்கூடிய கேள்விகள்தாம் இவை.

அந்த விடைத்தாள் என்னிடம் இல்லை. இன்று கிடைத்தால் எத்தனை மதிப்பெண் இடுவேன் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஐந்து இடமாட்டேன், 'ஏன்' என்பதை அவள் எழுதவில்லை. ஆனால் அந்த ஒற்றை வரியின் கீழ், 'நீ கண்டது சரி. எதனால் அவை சேர்கின்றன என்று மட்டும் சொல்' என்று எழுதியிருப்பேன். ஓர் ஆசிரியன் சிவப்பு மையில் எழுதவேண்டியது அதுதான். நான் எழுதத் தவறியதும் அதுதான்.