குழந்தைகளின் இரத்தமும் மலேரியாக் காய்ச்சலும்

(ஊரப்பாக்கத்தில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நாம் கூடும்போதெல்லாம் கிணறு, சாலை, பள்ளிக் கட்டடம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நம் குழந்தைகளின் உடலில் ஓடும் இரத்தத்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே கொசுக்கடிக்கு ஆளாகும் இரு குழந்தைகளில் ஒன்று மலேரியாவால் கடுமையாக வாடுகிறது; மற்றொன்று விரைவில் தேறிவிடுகிறது. இதற்கு ஊட்டம், தக்க காலத்தில் கிடைத்த மருந்து எனப் பல காரணங்கள் உண்டு. தாய் தந்தையரிடமிருந்து வழிவழியாக வரும் இரத்தத் தன்மையும் அவற்றுள் ஒன்றாகும்.

மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை 1897ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். கொசு கடிக்கும்போது நம் உடலுள் புகும் கிருமி முதலில் ஈரலில் தங்குகிறது. பிறகு சிவப்பு அணுக்களுக்குள் நுழைந்து, அங்கே உண்டு பெருகி, அணுவைப் பிளந்துகொண்டு வெளிவருகிறது. ஆகவே, கிருமி குடியிருக்கும் வீடு சிவப்பு அணுவே. அந்த வீட்டின் அமைப்பு மாறினால் கிருமியின் வாழ்வும் மாறும் அல்லவா?

அவ்வாறு அமைப்பு மாறிய இரத்தம் ஒன்று உண்டு. சிவப்பு அணுவினுள் பிராண வாயுவைச் சுமக்கும் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயர். அதில் ஒரே ஒரு சிறு கூறு மாறிப் பிறப்பவர்கள் சிலர். பிராண வாயு குறையும்போது இவர்களது உருண்டையான அணு, நாம் கதிர் அறுக்கும் அரிவாளைப் போல வளைந்துவிடும். இத்தன்மையைத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பங்கு மட்டும் பெற்றவர் நல்ல உடல்நலத்துடனேயே வாழ்வார். அவர் அத்தன்மையைச் சுமப்பவர் மட்டுமே; நோயாளி அல்லர். இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கோ அரிவாள் அணு இரத்தசோகை என்னும் நோய் உண்டாகும். அக்குழந்தைக்கு இரத்தம் குறையும். கை கால்களில் தாங்கொணாத வலி வரும். பிற நோய்களும் எளிதில் பற்றும்.

சுமப்பவருக்கு மலேரியாவில் ஒரு நன்மை உண்டு. கிருமி புகுந்த அணுவில் பிராண வாயு குறைகிறது, அணு வளைகிறது, மண்ணீரல் அதை அடையாளம் கண்டு கிருமியோடு சேர்த்து அகற்றிவிடுகிறது. பூச்சி விழுந்த நாற்றை முன்னதாகவே பிடுங்கி எறிந்து வயலைக் காக்கும் விவசாயியின் செயலை ஒத்தது இது. தவிர, பிராண வாயு குறைந்த இடத்தில் இவ்வணுக்களுள் கிருமி செழித்து வளர்வதும் இல்லை.

இதனை ஆலிசன் என்னும் மருத்துவ அறிஞர் 1954ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் உகாண்டாவில் 290 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார். அரிவாள் தன்மை உடைய 43 குழந்தைகளில் 12 பேரிடமும், அது இல்லாத 247 குழந்தைகளில் 113 பேரிடமும் மலேரியாக் கிருமி காணப்பட்டது. அதாவது முன்னவரில் நூற்றுக்கு 28 பேர். பின்னவரில் நூற்றுக்கு 46 பேர். பிற்காலத்தில் கென்யாவில் நடந்த ஆராய்ச்சிகள், உயிருக்கு ஆபத்தான கடும் மலேரியாவை இத்தன்மை ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தடுக்கிறது என்று காட்டின. தாய் தந்த எதிர்ப்பாற்றல் மறைந்து, தனது சொந்த எதிர்ப்பாற்றல் இன்னும் வளராத சிறு பருவத்திலேயே இந்த உதவி குழந்தைக்கு மிகவும் பயன்படுகிறது.

இது தூர தேசத்துக் கதை என்று யாரும் எண்ண வேண்டாம். நமது நீலகிரி மலைவாழ் மக்களிடையே அரிவாள் தன்மை இருப்பதை லெமன், கட்புஷ் என்னும் இருவர் 1952ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். நீலகிரியையும் வயநாட்டையும் சூழ்ந்த காடுகளில் முற்காலத்தில் மலேரியா கொடுமையாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக அக்காய்ச்சலுக்குத் தப்பிப் பிழைத்த குழந்தைகளின் வழியே இத்தன்மை நிலைத்தது. காய்ச்சல் குறைந்துவிட்டது, இரத்தத் தன்மை மட்டும் மக்களிடம் தங்கிவிட்டது. ஒடிசா, மகாராஷ்டிரம், குஜராத் முதலிய மாநிலங்களிலும், அராபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இத்தன்மை உடையோர் உளர். ஆகவே இது ஒரு சாதியின் குறையும் அன்று, குலத்தின் பழியும் அன்று. மலேரியாவோடு மனிதன் நடத்திய நெடும் போரின் தழும்பு என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

ஆனால் இச்செய்தியைத் தவறாகப் பொருள் கொள்ளுதல் கூடாது. சுமப்பவருக்கு மலேரியா வரவே வராது என்பதில்லை. வரும், வேகம் மட்டும் குறையும். ஒரு பங்கு நன்மை தந்தால் இரு பங்கு இரட்டிப்பு நன்மை தரும் என்று எண்ணுவதும் பிழை. நோயுற்ற குழந்தைக்கு முன்னமே இரத்தம் குறைவு. மலேரியாவும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அத்தகைய குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

தாய் தந்தை இருவரும் சுமப்பவராயின், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தை நோயுடன் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முதற்குழந்தை நோயுடன் பிறந்தால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கணக்கிடுதல் தவறு. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான். மணத்திற்கு முன்போ கருவுற்ற தொடக்கத்திலோ இருவரும் இரத்தம் சோதித்துக் கொள்வது இதனால் நன்று. 2023 ஜூலை முதல் நாளன்று மத்திய அரசு, 2047க்குள் இந்நோயை ஒழிக்கும் நோக்குடன், பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளில் இரத்தப் பரிசோதனை நடத்தும் இயக்கத்தைத் தொடங்கியது. சோதனையின் முடிவு அக்குடும்பத்துக்கே உரியது. அதைத் தெருவில் பேசி ஒரு பெண்ணின் திருமணத்தைத் தடுப்பது பெரும் பாவமாகும்.

இனி நம் பகுதிக்கு வருவோம். இங்கு நாம் கருத வேண்டிய மற்றொரு பரம்பரைத் தன்மை உண்டு. சிவப்பு அணுவைக் காக்கும் ஜி-6-பி-டி என்னும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். தாய் வழியே மகனுக்கு வருவதால் ஆண்பிள்ளைகளிடமே இக்குறை மிகுதி. மலேரியா மிகுந்திருந்த நாடுகளிலேதான் இதுவும் மிகுந்து காணப்படுகிறது. சாதாரண நாட்களில் இதனால் தொல்லை இல்லை. ஆனால் மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமாகுவின் மாத்திரை இவர்களது இரத்த அணுக்களை உடைத்துவிடக்கூடும்.

வைவாக்ஸ் என்னும் வகை மலேரியாக் கிருமி ஈரலில் உறங்கிக் கிடந்து, பல வாரங்களுக்குப் பின்னும் காய்ச்சலாகத் திரும்பும். அதை வேரறுப்பதற்கே 14 நாட்கள் பிரைமாகுவின் தருகிறார்கள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவது களையை மேலாகக் கிள்ளிவிட்டு வேரை விட்டுவைப்பதற்கு ஒப்பாகும். ஆயினும் மாத்திரை உண்ணும் நாட்களில் சிறுநீர் பால் கலவாத காப்பியின் நிறத்தில் போனாலும், கண் மஞ்சளித்தாலும் உடனே மாத்திரையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இம்மாத்திரை தரலாகாது. ஆகவே டாக்டரைக் கேளாமல் கடையில் வாங்கித் தருவதும், ஒருவருக்கு வந்த மாத்திரையை மற்றொருவருக்குக் கொடுப்பதும் ஆகாது. பச்சிளங் குழந்தையின் துணிகளுக்கிடையே அந்துருண்டை இட்டு வைப்பதையும் தாய்மார்கள் தவிர்ப்பார்களாக. இந்நொதி குறைந்த குழந்தைக்கு அதன் ஆவியே தீங்கு செய்யும்.

ஊரப்பாக்கம் முன்போல் வயலும் ஏரியும் மட்டுமுள்ள ஊர் அன்று. வீடுகள் நெருங்கிவிட்டன, மாடிகள்தோறும் தண்ணீர்த் தொட்டிகள் உள்ளன. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு இத்தகைய தொட்டிகளிலும் கிணறுகளிலுமே முட்டையிடுகிறது. கட்டட வேலைக்கும் செங்கற் சூளைக்கும் பிற மாநிலத் தொழிலாளர் குடும்பத்துடன் வருகின்றனர். அவர்களுள் மலேரியா உள்ள மாவட்டங்களிலிருந்து வருவோரும் இருக்கலாம். அவர்களை நோய் கொண்டு வந்தவர்கள் என்று ஒதுக்கினால் காய்ச்சலை மறைப்பார்கள். அந்த மறைவிலிருந்து கொசு நம் குழந்தைகளுக்கும் அதைக் கொண்டு வரும். அவர்கள் குழந்தைகளும் நம் பொறுப்பே.

ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் வார்டில் மூன்று காரியங்களை மேற்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, தொட்டிகளைக் கொசு புகாதவாறு மூடச் செய்தல், மூட முடியாத கிணறுகளில் கம்பூசியா மீன் விடச் செய்தல். இரண்டாவது, தொழிலாளர் குடியிருப்பு உட்பட எந்த வீட்டில் காய்ச்சல் கண்டாலும் சுகாதார ஊழியருக்கு அன்றே தெரிவித்து இரத்தம் சோதிக்கச் செய்தல். மூன்றாவது, மலேரியா மருந்து உண்பவர் குறித்த நாள் வரை உண்கிறாரா என்று விசாரித்தல்.

நம் நாடு மலேரியாவை 2030க்குள் ஒழிக்க உறுதி பூண்டுள்ளது. பிறக்கும் குழந்தை தன் இரத்தத்தைத் தானே தெரிந்தெடுப்பதில்லை. ஆனால் அது வளரும் தெருவில் கொசு வளர வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பவர்கள் நாமே. கொசுவே இல்லாத ஊரில் எந்த இரத்தத்துடன் பிறந்த குழந்தையும் மலேரியாவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அத்தகைய ஊராக ஊரப்பாக்கத்தை ஆக்குவதற்கு அனைவரும் ஒத்துழைக்க வேண்டுகிறோம்.