மூட்டு மாற்றிய பின் சுகத்தை அளப்பது எப்படி?

காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. இரத்த அழுத்தத்தை அளக்கக் கையில் பட்டை கட்டிப் பார்க்கிறார்கள். இனிப்பு நீர் இருக்கிறதா என்று அறிய ஒரு சொட்டு இரத்தம் போதும். ஆனால், ஒருவருடைய முழங்கால் வலியை எதைக் கொண்டு அளப்பது? அறுவை செய்து புதிய மூட்டு வைத்த பிறகு, அவருடைய வாழ்வு எவ்வளவு சுகப்பட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

விடியுமுன் எழுந்து, 400, 500 மரங்களுக்குக் குனிந்தும் நிமிர்ந்தும் பால் வெட்டியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பால் வாளி சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கியவர்கள், செம்பனைக் குலை தூக்கியவர்கள், உதிர்ந்த பழங்களைப் பொறுக்குவதற்காக மணிக்கணக்கில் குந்தியிருந்தவர்கள், இவர்களும் இருக்கிறார்கள். குந்துவது, மண்டியிடுவது, பாரம் தூக்குவது ஆகிய மூன்றும் முழங்காலைத் தேய்க்கும் வேலைகள். வயதும் உடல் பருமனும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. எலும்பின் முனையை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசத் தொடங்குகிறது. இதையே மூட்டுத் தேய்மானம் என்கிறோம்.

உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து ஆகியவற்றால் வலி அடங்காதபோது, தேய்ந்த பகுதியை நீக்கிவிட்டு, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட மூட்டைப் பொருத்துகிறார்கள். 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர், உலோகத் தண்டையும் பாலிஎதிலீன் கிண்ணத்தையும் கொண்டு இடுப்பு மூட்டை மாற்றிக் காட்டினார். இன்றைய முறைகளுக்கு அதுவே அடிப்படையாயிற்று.

மூட்டை மாற்றியதால் பலன் உண்டா என்று எப்படிப் பார்த்தார்கள்? எக்ஸ்ரே எடுத்தார்கள். கால் எத்தனை பாகை மடங்குகிறது என்று அளந்தார்கள். சுவீடன் நாட்டில் 1975இல் முழங்கால் மூட்டுக்கும் 1979இல் இடுப்பு மூட்டுக்கும் நாடு முழுவதற்குமான பதிவேடு தொடங்கி, எத்தனை பேருக்கு மறுபடியும் அறுவை தேவைப்பட்டது என்று கணக்கு வைத்தார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் இந்தக் கணக்கு, உலோகம் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, அதைச் சுமக்கும் மனிதர் எப்படி இருக்கிறார் என்பதைச் சொல்லாது.

அப்படியானால் அவரிடமே கேட்டுவிடலாமே என்பீர்கள். சரி, கேட்டுப் பார்ப்போம். அறுவை முடிந்து ஆறு மாதம் கழித்து, ஒரு பாட்டி பேரனோடு மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“எப்படி இருக்கிறீர்கள், பாட்டி?” என்று டாக்டர் கேட்கிறார்.

“பரவாயில்லைங்க, டாக்டர்,” என்கிறார் பாட்டி. பேரனும் அதை மலாயில், “நலமாக இருக்கிறார்” என்று சொல்லிவிடுகிறான். டாக்டரும் அட்டையில் எழுதிக்கொள்கிறார்.

பாட்டியோ இரவில் இரண்டு முறை வலியால் விழித்துக்கொள்கிறார். படி இறங்கப் பயந்து கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஆனாலும், இவ்வளவு செய்த டாக்டரிடம் குறை சொல்வது மரியாதையல்ல என்று நினைக்கிறார். பாடுபட்டுப் பழகிய நம் பெரியவர்களுக்கு ‘பரவாயில்லை’ என்ற ஒரு சொல் போதும். அதற்குள் எவ்வளவு வலியையும் ஒளித்து வைத்துவிடுவார்கள்!

இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கத்தான் கேள்வித்தாள்கள் வந்தன. இடுப்பு மூட்டுக்காக 1996இலும் முழங்காலுக்காக 1998இலும் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் இரண்டு கேள்வித்தாள்களை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றிலும் 12 கேள்விகள். வலி எவ்வளவு? இரவில் படுக்கையில் வலிக்கிறதா? எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது? நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? கடைக்குத் தனியே போக முடிகிறதா? படி இறங்க முடிகிறதா? இப்படி அன்றாடக் காரியங்களையே கேட்கிறார்கள். இப்போதுள்ள முறையில் ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் உண்டு. எல்லாம் நன்றாக இருந்தால் 48.

இதை ஒரு முறை மட்டும் கேட்டால் போதாது. ஒருவருக்கு அறுவைக்கு முன் 13, ஆறு மாதம் கழித்து 35 என்று கொள்வோம். இன்னொருவருக்கு முன்பு 30, பிறகு அவருக்கும் 35. இன்றைய நிலையில் இருவரும் சமம்தான். ஆனால் முதல்வர் பெற்ற பலன் 22, இரண்டாமவர் பெற்றது 5. புறப்பட்ட இடம் தெரியாவிட்டால், வந்த தூரம் தெரியாதல்லவா? இதனால்தான் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் 2009 ஏப்ரல் முதல், மூட்டு மாற்றுவோரிடம் அறுவைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் இத்தகைய கேள்விகளைக் கேட்டு வருகிறார்கள்.

வேறொரு கேள்வித்தாள், உடல்நலம் முழுவதையும் ஐந்து தலைப்புகளில் கேட்கிறது. நடமாட்டம், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளுதல், வழக்கமான காரியங்கள், வலி, மனக்கவலை என்பவை அந்த ஐந்து. கடைசியில் 0 முதல் 100 வரை கோடிட்ட ஓர் அளவுகோலைக் காட்டி, “இன்று உங்கள் உடல்நலம் எந்த இடத்தில் இருக்கிறது?” என்று கேட்கிறது. மனக்கவலையும் அதில் இருப்பதைக் கவனியுங்கள். கால் நடந்தாலும் மனம் அஞ்சினால் வாழ்வு சுகப்படாது.

இந்த அளவுகோல்களுக்கும் ஒரு குறை உண்டு. நாற்காலியிலும் கட்டிலிலும் வாழும் மக்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை இவை. முழங்கால் தாளில் மண்டியிடுவதைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. ஆனால் சம்மணமிட்டு உட்காருவது, குந்து கழிவறையைப் பயன்படுத்துவது, தரையில் அமர்ந்து பேரப்பிள்ளைக்குச் சோறூட்டுவது, இவற்றை அது கேட்பதில்லை. பாட்டிக்கு மதிப்பெண் நிறையக் கிடைத்தும் மனம் நிறையாமல் போவதற்கு இது ஒரு காரணமாகலாம்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முழங்கால் மாற்றிக்கொண்ட பெரும்பாலோருக்கு வலி நன்றாகக் குறைகிறது. எனினும், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி அடைவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது ஒன்று என்பது அதற்கு முக்கியமான காரணம். புதிய மூட்டு, இளவயது மூட்டல்ல. முழங்கால் மாற்றிய பலருக்கு முழுமையாகக் குந்துவதும் மண்டியிடுவதும் கடினமாகவே இருக்கும். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், முக்கியமாக முதல் சில வாரங்களில், தாழ உட்கார்ந்தால் மூட்டு நழுவக்கூடும். ஆகவே, எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று டாக்டரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

குடும்பத்தார் செய்யக்கூடியது என்ன? பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுங்கள். அறுவைக்கு முன்பே, பாட்டியால் எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது, எத்தனை படி ஏற முடிகிறது, இரவில் எத்தனை முறை விழிக்கிறார் என்று எழுதுங்கள். எந்தக் காரியத்தை மறுபடி செய்ய ஆசைப்படுகிறார் என்பதையும் அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளைக் கேட்டு, பதிலைப் பக்கத்தில் எழுதி, டாக்டரிடம் காட்டுங்கள். இடையில் காய்ச்சல், மூட்டில் சிவப்பு, நீர் வடிதல், கூடிவரும் வலி, வீக்கம் இவற்றில் எது கண்டாலும் ஆறு மாதம் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மொழிபெயர்க்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பாட்டி ‘பரவாயில்லை’ என்றால், அதை ‘நலம்’ என்று மாற்றிவிடாதீர்கள். “இரவில் வலிக்கிறதா, பாட்டி?” என்று இன்னொரு முறை கேளுங்கள்.

பெரியவர்களே, வலியைச் சொல்வது நன்றிகெட்ட செயலாகாது. நீங்கள் உள்ளபடி சொல்லும் பதில் உங்களுக்குச் சரியான சிகிச்சையைத் தேடித்தரும். உங்களுக்குப் பின் அதே வாசலில் வந்து நிற்போருக்கும் அது வழிகாட்டும். அடுத்த முறை டாக்டர் கேட்கும்போது, ‘பரவாயில்லை’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.