மூளையின் அழற்சியும் ஓட்டிசமும்



பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராத, விரலாற் சுட்டிக் காட்டாத குழந்தையைப் பூண்டுலோயாத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்திற் காண்போர், “தாய் விடியலிலேயே கொழுந்தெடுக்கப் போய்விடுகிறாள், பிள்ளை ஏங்கிப் போயிற்று” என்பர். வேறு சிலர் காத்துக் கறுப்பு என்பர். இத்தாய் மீது பழி சுமத்துதல் தகுமா?

1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 பிள்ளைகளை ஆராய்ந்து ஓட்டிசத்தை விவரித்தார். பின்னர் மேல்நாட்டினரும் நெடுங்காலம் தாயின் அன்பின்மையையே குறை கூறினர். அக்கொள்கை இன்று பிழையெனத் தள்ளப்பட்டுவிட்டது.

நமது மூளையிலே மைக்ரோக்ளியா எனப்படும் காவற்கலங்கள் உண்டு. கிருமிகளை எதிர்ப்பது அவற்றின் தொழில். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது போல, வளரும் மூளையில் மிகையான நரம்பிணைப்புக்களை நீக்குவதும் அவையே. ஓட்டிசத்தோடு வாழ்ந்து மறைந்த சிலரின் மூளைகளிலே இக்கலங்கள் கிளர்ந்து நின்றதை, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர் 2005இல் வெளியிட்டனர். இதனையே மூளையின் அழற்சி என்கிறோம்.

கருவிலேயே இது தொடங்கலாம் என்பதற்கு ருபெல்லா நோய் சான்று. கர்ப்பிணியைத் தாக்கும் அக்கிருமி கருவின் மூளையையும் அழற்சியுறச் செய்யக்கூடும். அவ்வாறு பிறந்த பிள்ளைகளிடையே ஓட்டிசம் மிகுந்திருப்பதை ஸ்டெல்லா செஸ் 1971இல் எடுத்துக்காட்டினார். இலங்கையில் 1996இல் ருபெல்லாத் தடுப்பூசி அறிமுகமாயிற்று. அந்நோய் இங்கு ஒழிந்ததென 2020இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுப்பூசியால் ஓட்டிசம் வரும் என்பார் இதனைச் சிந்திப்பாராக.

எனினும், அழற்சி காரணமா, விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை. அழற்சியைத் தணிக்கும் மினோசைக்கிளினை 11 பிள்ளைகளுக்கு அளித்துப் பார்த்த சிற்றாய்வொன்று 2013இல் வெளிவந்தது. குறிப்பிடத்தக்க நன்மை தோன்றவில்லை. எனவே, “மூளை வீக்கத்தை இறக்கித் தருவோம்” என்பாரிடம் நாட்கூலியைத் தொலைத்தல் வேண்டா.

இலங்கையின் நகரஞ்சார்ந்த பகுதியொன்றிலே 18 முதல் 24 மாதக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருந்ததென 2009இல் வெளியான ஆய்வு கூறிற்று. அரிய நிலையன்று இது. ஐயம் எழுந்தால் மருத்துவமாதுவிடம் கூறுங்கள். அவர் வழியாக வைத்திய அதிகாரியை நாடுங்கள். பேச்சுப் பயிற்சியும் விளையாட்டுவழிப் பயிற்சியும் எவ்வளவு முந்துகின்றனவோ, அவ்வளவுக்குப் பயன் தரும்.

கூடை சுமக்கும் தாய்க்குப் பழியையும் சுமத்தாதிருப்பது நம் எல்லோருக்கும் இயன்ற உதவி.