முகவாதம்: கரண்ட் வைப்பதற்கு முன்

(அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஃபஜ்ருக்கு உளூ செய்யும்போது வாயில் எடுத்த தண்ணீர் ஓரமாக வழிகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. மறுபக்கத்துக் கண் மூடவில்லை. முகவாதம் பலருக்கும் இப்படித்தான் தெரியவருகிறது.

உதவி கேட்டு எங்களிடம் வருபவர்கள், "கரண்ட் வைக்கப் பணம் வேண்டும்" என்கிறார்கள். சென்ற மாதம் ஒரு சகோதரி பதினைந்தாம் நாள் வந்தார். கடன் வாங்கி பத்து நாள் கரண்ட் வைத்திருந்தார். மூடாத கண்ணைப் பாதுகாக்க யாரும் சொல்லவில்லை. கருவிழியில் புண் வந்துவிட்டது. அதனால்தான் இதைப் பேசுகிறோம்.

முகத்தசைகளை இயக்கும் நரம்பு, காதருகே எலும்புக்குள் குறுகிய பாதை வழியாக வருகிறது. அது வீங்கினால் அங்கேயே நெரிபடும். கரண்ட் தசையைத் துடிக்க வைக்கும். நரம்பின் வீக்கத்தைக் குறைக்காது. அதைக் குறைப்பது ஸ்டீராய்டு மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 2007இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், 9 மாத முடிவில் மாத்திரை எடுத்தவர்களில் 94 சதவீதம் பேரும், எடுக்காதவர்களில் 82 சதவீதம் பேரும் முழுக் குணமடைந்தார்கள். கரண்டுக்கு இப்படி உறுதியான சான்று இல்லை. பெரும்பாலோர் தானாகவே தேறிவிடுவதால், பெயர் கரண்டுக்குப் போய்விடுகிறது.

பிசியோதெரபி வேண்டாம் என்று சொல்லவில்லை. நாள்பட்டவர்களுக்கு என்ன பயிற்சி, கரண்ட் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்களே கருவி வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை:

* நெற்றியைச் சுருக்க முடிந்து வாய் மட்டும் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள்.
* பகலில் கண் சொட்டு மருந்து. இரவில் களிம்பு போட்டு, இமையை மூடி டேப் ஒட்டுங்கள்.
* சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும்.

துஆ செய்யுங்கள், ஆனால் ஓதிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மூன்று நாளைக் கடத்தாதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்களே.

இனி முதல் நாள் மருத்துவர் கட்டணம், மாத்திரை, கண் மருந்து ஆகியவற்றுக்கே முதலில் உதவுவோம். மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் கரண்டுக்கு உதவி. நீங்கள் தரும் சதகா எங்களிடம் உள்ள அமானிதம்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.